ஐஸ் ஹவுஸில் புரோப்பேன் ஹீட்டர் மக்கர் செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஏரிகள் கெட்டியாக உறைந்ததும் மில் லாக்ஸ், அப்பர் ரெட் லேக், லேக் ஆஃப் தி வுட்ஸ் என்று ஒவ்வொன்றின் மேலும் ஐஸ் ஹவுஸ் எனும் மீன்பிடிக் குடில்களால் ஒரு சிற்றூர் முளைத்துவிடும். மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களும் கூடாரத்தையோ, வீல் ஹவுஸ் என்ற சக்கரம் வைத்த வாடகைக் குடிலையோ இழுத்துக்கொண்டு வால்ஐ மீன் பிடிக்கக் கிளம்புகிறார்கள். மீனைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை. ஹீட்டரைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் நள்ளிரவில்.

கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முன்னால் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. "ஹீட்டர் கெட்டுப்போச்சு" என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஹீட்டர் நன்றாகவே இருக்கும்; கோளாறு சிலிண்டரிலோ ஹோஸிலோ காற்றிலோ பேட்டரியிலோ இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. ஐஸ் ஹவுஸ்ல வெக்கிற ஹீட்டர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. முதல் வகை, கையில் தூக்கிப் போகும் ரேடியன்ட் ஹீட்டர். "பட்டி" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். சின்னது மணிக்கு 4,000 முதல் 9,000 பி.டி.யூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை தரும், பெரியது 18,000 வரை. இது உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே எடுத்து எரிக்கும், புகையையும் உள்ளேயே விடும். இரண்டாவது, சுவரில் பதித்த டைரக்ட் வென்ட் ஹீட்டர். காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே தள்ளும். மூன்றாவது, வீல் ஹவுஸ்களில் வரும் ஃபர்னஸ். இதுவும் வெளிக்காற்றில்தான் எரியும், ஆனால் ஃபேன் ஓட 12 வோல்ட் பேட்டரி வேண்டும்.

சிலிண்டர் தலையிலேயே திருகி மாட்டும், சூரியகாந்திப்பூ மாதிரி இருக்கும் ஹீட்டர் ஒன்றும் கடையில் கிடைக்கும். அது திறந்தவெளிக்கானது. மூடிய குடிலுக்குள் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

2. நம்ம ஊர் சமையல் கேஸும் இதுவும் ஒண்ணா? வீட்ல டேபிள் மேல வெக்கிற பியூட்டேன் அடுப்பு இருக்கே, அதோட கேன் போதாதா?

நம் ஊர் சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்த எல்.பி.ஜி. இங்கே ஹீட்டருக்கு விற்பதில் 90 சதவீதமாவது புரோப்பேன் இருக்கும். வித்தியாசம் கொதிநிலையில் இருக்கிறது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அந்த டேபிள் அடுப்புக்கான பியூட்டேன் கேனை ஏரியின் மேல் குலுக்கினால் சத்தம் மட்டும் வரும், கேஸ் வராது.

3. சிலிண்டர்ல கேஸ் இருக்கு, குலுக்கினா தெரியுது. ஆனா தீ மங்கலா எரியுது. குளிர்ல கேஸ் உறைஞ்சு போச்சா?

உறையவில்லை. புரோப்பேன் உறைய மைனஸ் 188 டிகிரி செல்சியஸ் வேண்டும். நடந்தது வேறு: அழுத்தம் விழுந்துவிட்டது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகி மேலே தள்ளும் அழுத்தத்தில்தான் கேஸ் வெளியே வருகிறது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இந்த அழுத்தம் சுமார் 110 பி.எஸ்.ஐ. பூஜ்யம் ஃபாரன்ஹீட்டில் 24 அளவுக்கு இறங்கிவிடும். மைனஸ் 20-இல் 11, 12 இருந்தால் அதிகம்.

அதோடு முடிவதில்லை. திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியிருந்தே சூட்டை எடுக்கிறது. அதனால் ஹீட்டர் ஓட ஓட சிலிண்டர் வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துவிடும். உள்ளே திரவம் எவ்வளவு இரும்புச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் வெளிச்சூடு உள்ளே வரும். ஆகவே கால்வாசி மிச்சமிருக்கும் சிலிண்டர் கடுங்குளிரில் பெரிய ஹீட்டருக்கு ஈடுகொடுக்காது. அதே சிலிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒழுங்காக எரியும். "ஏரியில மட்டும் எரியலையே" என்று குழம்புவது இதனால்தான். நிறைந்த சிலிண்டருக்கு மாற்றுங்கள், அல்லது இரண்டு சிலிண்டரை ஒன்றாக இணைத்து ஓட்டுங்கள். வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் குடிலுக்கு 100 பவுண்டு சிலிண்டர் நல்லது.

1996 பிப்ரவரி 2 அன்று வெர்மிலியன் ஏரிக்குப் பக்கத்தில் உள்ள டவர் ஊரில் மைனஸ் 60 ஃபாரன்ஹீட் பதிவானது. மினசோட்டாவின் சாதனைக் குளிர் அது. அந்தக் குளிரில் வெளியே நிற்கும் சிலிண்டரில் அழுத்தமே இருக்காது. அப்படி ஒரு நாள் வந்தால் ஹீட்டரைத் திட்டாமல் வீட்டில் இருங்கள்.

4. 20 பவுண்டு சிலிண்டர் ஒண்ணு எத்தனை மணி நேரம் வரும்?

ஒரு பவுண்டு புரோப்பேனில் ஏறத்தாழ 21,500 பி.டி.யூ இருக்கிறது. 20 பவுண்டுக்கு 4,30,000. 9,000-இல் ஓடும் பட்டிக்கு 48 மணி நேரம், 18,000-இல் ஓடும் பெரிய பட்டிக்கு ஒரு நாள். ஃபர்னஸ் விட்டுவிட்டு ஓடுவதால் அதற்கு இப்படிக் கணக்குப் போட முடியாது. குளிர், காற்று, சுவரின் இன்சுலேஷன் எல்லாம் சேர்ந்து முடிவு செய்யும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். கடை வாசலில் கூண்டுக்குள் வைத்து, காலி சிலிண்டருக்குப் பதிலாகத் தரும் சிலிண்டர்களில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் நிரப்பியிருப்பார்கள். நிரப்பித் தரும் இடத்தில் வாங்கினால் முழுசாகக் கிடைக்கும். அப்புறம், மிச்சம் தெரிய குலுக்கிப் பார்ப்பதை விட எடை போடுங்கள். சிலிண்டர் கழுத்தில் டி.டபிள்யூ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் காலி எடை பொறித்திருக்கும், வழக்கமாக 17 பவுண்டு. தராசில் 25 காட்டினால் உள்ளே 8 பவுண்டு.

5. பைலட் பத்திக்குது. நாப்பை விட்ட உடனே அணைஞ்சிடுது. இப்படியே பத்து தடவை ஆச்சு.

பைலட் என்பது பர்னரைப் பற்றவைக்கும் சின்னத் தீ. அந்தத் தீயில் ஒரு சிறு உலோகக் குச்சி நனைந்தபடி இருக்கும், அதுதான் தெர்மோகப்பிள். சூடானதும் அது ஒரு வோல்ட்டில் நூற்றில் இரண்டு, மூன்று பங்கு அளவுக்கு மின்சாரம் தரும். அந்தத் துளி மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. குச்சி சூடாகும் முன் கையை எடுத்தால் வால்வு மூடிவிடும். உறைந்த குடிலில் இந்தக் குச்சியும் உறைந்துதான் கிடக்கும், ஆகவே 30 வினாடி முழுசாக அழுத்துங்கள். அவசரத்தில் நாம் எண்ணும் முப்பது பெரும்பாலும் பன்னிரண்டுதான்.

அப்படியும் நிற்கவில்லை என்றால் பைலட் தீ அந்தக் குச்சியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தீ சின்னதாக, மஞ்சளாக, வேறு பக்கம் சாய்ந்து எரிந்தால் துளை அழுக்கு (கேள்வி 12). தீ நீலமாக நன்றாகத் தொட்டும் நிற்கவில்லையா? தெர்மோகப்பிளின் மறுமுனை வால்வில் சேரும் இடம் லாரியில் வந்த அதிர்வில் தளர்ந்திருக்கலாம். கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கும் சரியாகவில்லை என்றால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள்.

சிலிண்டர் இப்போதுதான் மாற்றினீர்கள் என்றால் ஹோஸில் வெறும் காற்று இருக்கும். அது வெளியேறும் வரை பைலட்டே பற்றாது. பொறுமையாக அழுத்திப் பிடிப்பது ஒன்றே வழி.

6. பத்து இருபது நிமிஷம் சூப்பரா எரியுது. அப்புறம் தானா ஆஃப் ஆகுது. ஏன்?

அணைந்ததும் கதவைத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விடுங்கள். பிறகு பற்றவைத்தால் உடனே எரிகிறதா? அப்படியென்றால் ஹீட்டரில் கோளாறு இல்லை, காற்றில்தான். பட்டி வகை ஹீட்டர்களில் ஓ.டி.எஸ் என்ற ஆக்சிஜன் காவல் ஏற்பாடு உண்டு. உள்ளே ஆக்சிஜன் வழக்கமான 21 சதவீதத்திலிருந்து 18 பக்கம் இறங்கினால் பைலட் தீ குச்சியை விட்டு மேலெழும்பிவிடும், குச்சி ஆறும், வால்வு மூடும். ஹீட்டர் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போங்கள்.

காற்று விட்ட பிறகும் அதே கதை என்றால் மூன்று இடம் பாருங்கள். சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழுகிறதா (கேள்வி 3)? பைலட்டின் காற்றுத் துளையில் பஞ்சு, தூசி இருக்கிறதா? ஹீட்டர் சரிசமமாக நிற்கிறதா? கவிழ்ந்தால் அணையும் சுவிட்ச் உள்ளே இருக்கிறது. கீழே பனி உருகி ஒரு பக்கம் இறங்கினாலும், யாராவது கால் இடித்தாலும் அது வேலையைக் காட்டும். ஹீட்டருக்கு அடியில் ஒரு பலகை போட்டால் தீர்ந்தது. கொலராடோ மலை ஏரிகளுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: 7,000 அடிக்கு மேல் பட்டி தானாக அணையலாம் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

7. குளிருக்குத்தானே ஹீட்டர் போடுறோம், அப்புறம் ஜன்னலைத் திறன்னா என்ன நியாயம்?

நியாயம்தான், ஆனால் ஹீட்டருக்கும் உங்களுக்கும் ஒரே காற்றுதான். கீழே ஒரு திறப்பு, மேலே ஒரு திறப்பு, இரண்டும் வேண்டும். எத்தனை சதுர அங்குலம் என்று ஹீட்டர் கையேட்டில் போட்டிருக்கும். நினைப்பதை விடச் சிறிய அளவுதான். எதிரெதிர்ப் பக்கம் வைத்தால் காற்று நன்றாகச் சுழலும்.

குடிலைச் சுற்றி அடியில் பனியை வாரி அணைத்து, காற்று புகாமல் அடைப்பது இங்கே எல்லோரும் செய்வது. சூடு நிற்க அது நல்ல வழி. ஆனால் கீழ்த்திறப்பையும் சேர்த்து மூடிவிடுவார்கள். மாலையில் திறந்திருந்த திறப்பு விடிகாலைக் காற்றில் பனி படிந்து மூடிப்போவதும் உண்டு. இரவில் மீன் பார்க்க எழும்போதெல்லாம் அதையும் பாருங்கள்.

8. ஹீட்டர்ல ஆக்சிஜன் சென்சார் இருக்கே, கார்பன் மோனாக்சைடு அலாரம் எதுக்குத் தனியா?

ஓ.டி.எஸ்-க்குத் தெரிவது ஆக்சிஜன் குறைந்ததா என்பது மட்டும். கார்பன் மோனாக்சைடை அதனால் உணர முடியாது. பர்னர் அழுக்காகி அரைகுறையாக எரிந்தால் ஆக்சிஜன் போதுமான அளவில் இருக்கும்போதே அந்த விஷவாயு வரும். பக்கத்தில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்தும், வாசலில் எஞ்சின் ஓட நிற்கும் லாரியிலிருந்தும் வரும். ஆகவே அலாரம் கட்டாயம்.

எந்த அலாரம் என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வீட்டுக்கான அலாரம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வேலை செய்யச் சோதிக்கப்பட்டது. பனிக்குடிலில் அதை நம்ப முடியாது. ஆர்.வி என்ற வீட்டு வண்டிகளுக்கு என்று விற்பதை வாங்குங்கள். அது கடுங்குளிருக்கும் அதிர்வுக்கும் சோதித்தது. கேஸ் கசிவு அலாரம் வேறு. புரோப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், தரையில் தேங்கும், அதனால் அந்த அலாரம் தரையோரம் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையருகே மூக்கு உயரத்தில் மாட்டுங்கள்.

9. தலை வலிக்குது, குமட்டுது. ஆனா அலாரம் அடிக்கல. சாப்பாடு சேரலையோ?

முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், யோசனை பிறகு. அலாரம் குறைந்த அளவுகளுக்கு உடனே அடிக்காது: 70 பி.பி.எம் (காற்றில் பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. ஒரே சமயத்தில் இரண்டு பேருக்குத் தலைவலி என்றால் அது சாப்பாடு அல்ல. வெளிக்காற்றில் தெளியவில்லை, மயக்கம், குழப்பம் என்றால் 911.

10. ஹீட்டர் ரிப்பேர். அதுவரைக்கும் சமையல் ஸ்டவ்வைப் பத்தவெச்சு சூடாக்கிக்கலாமா?

வேண்டாம். ஸ்டவ்வில் ஓ.டி.எஸ் கிடையாது, கவிழ்ந்தால் அணையாது. சாம்பார் சூடாக்கலாம், குடிலைச் சூடாக்காதீர்கள்.

11. சுவரெல்லாம் தண்ணி, கூரையில இருந்து சொட்டுது. ஒழுகுதா?

மைனஸ் 10-இல் வெளியே மழை எங்கே பெய்கிறது? தண்ணீர் ஹீட்டரிலிருந்து வருகிறது. புரோப்பேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். ஒரு பவுண்டு எரிந்தால் ஒரு பவுண்டுக்கு மேல், ஏறக்குறைய 1.6 பவுண்டு தண்ணீர். 20 பவுண்டு சிலிண்டர் தீரும்போது கிட்டத்தட்ட 15 லிட்டர் தண்ணீரைக் குடிலுக்குள் தெளித்திருப்பீர்கள். இது பட்டிக்குப் பொருந்தும். புகையை வெளியே தள்ளும் சுவர் ஹீட்டரிலும் ஃபர்னஸிலும் இந்த நீராவி உள்ளே வராது. அங்கேயும் சுவர் வியர்த்தால் அது உங்கள் மூச்சும் மீன் துளையும் சமையலும்தான். ஃபர்னஸ் இருக்கும் குடிலில் திடீரென்று ஜன்னல் வழிய ஆரம்பித்தால் மட்டும் சந்தேகப்படுங்கள், புகை உள்ளே கசியலாம்.

கேள்வி 7-இல் சொன்ன இரண்டு திறப்புதான் இதற்கும் மருந்து. இன்னொன்று: இந்த ஈரம் கதவு விளிம்பில் உறைந்து கதவை ஒட்டவைத்துவிடும். படுக்கும் முன் ஒரு முறை திறந்து மூடுங்கள்.

12. தீ நீலமா வராம மஞ்சளா, சோம்பலா எரியுது. கரி வேற படியுது.

கேஸோடு கலக்க வேண்டிய காற்று போகவில்லை. கோடையில் கேரேஜில் கிடந்த ஹீட்டரின் பர்னர் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கும். இது பேச்சுக்குச் சொல்வதல்ல, கேஸ் சாதனங்களில் இது வாடிக்கையான கோளாறு. நாய் முடி, சட்டைப் பஞ்சு, மரத்தூள் எல்லாம் அடுத்தடுத்த காரணங்கள்.

கேஸை மூடி, ஹீட்டர் ஆறியதும், காற்று அடைத்த ஸ்ப்ரே கேனால் பைலட் துளை, பர்னர் வாய் இரண்டிலும் ஊதுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை இம்மி பெரிதானாலும் கேஸ் அதிகமாகிக் கரி இன்னும் கூடும். ரேடியன்ட் ஓடு (பர்னர் முகப்பில் சிவந்து எரியும் தகடு) உடைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் ஊதிப் பயனில்லை, அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும். கரி படிய எரியும் ஹீட்டரை "இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்" என்று ஓட்டவே கூடாது. காரணம் கேள்வி 8.

13. ஒரு பவுண்டு கேன்ல நல்லா ஓடிச்சு. ஹோஸ் வாங்கி 20 பவுண்டு சிலிண்டரை மாட்டினதுல இருந்து பைலட்டே ஒழுங்கா நிக்கல.

ரெகுலேட்டரைத் தாண்டாமல் சிலிண்டரின் முழு அழுத்தத்தில் வரும் கேஸ் நீண்ட நேரம் ரப்பர் ஹோஸில் நின்றால், ரப்பரில் இருக்கும் எண்ணெய் போன்ற பொருளைக் கரைத்துக்கொண்டு வரும். ஹீட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டரிலும் பைலட் துளையிலும் போய்ப் படியும். அடைத்துக்கொண்டால் ஊதினாலும் போகாது.

இரண்டு வழி உண்டு. ஹோஸுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் அதற்கென்று விற்கும் ஃபில்டர் போடுங்கள், சீசனுக்கு ஒரு முறை மாற்றுங்கள். அல்லது, பெரிய பட்டியில் இருப்பது போல் குறைந்த அழுத்தத்துக்கான தனி இணைப்பு இருந்தால், சிலிண்டர் முனையிலேயே ரெகுலேட்டர் உள்ள ஹோஸ் வாங்குங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அந்த இணைப்பு இல்லாத சின்ன ஹீட்டரில் அதைப் பொருத்த முயலாதீர்கள். ரெகுலேட்டருக்குப் பின் இன்னொரு ரெகுலேட்டர் என்றால் தீ எழும்பாது.

14. நிறைஞ்ச சிலிண்டர் இப்பத்தான் மாத்தினேன். பைலட் அளவுக்குத்தான் கேஸ் வருது.

சிலிண்டர் வால்வைச் சட்டென்று திறந்திருப்பீர்கள். கையால் திருகும் பெரிய பிளாஸ்டிக் நட்டுக்குள் ஒரு பாதுகாப்பு அடைப்பு இருக்கிறது. கேஸ் ஒரேயடியாகப் பாய்ந்தால் ஹோஸ் அறுந்துவிட்டது என்று நினைத்து அது வழியை அடைத்துக்கொள்ளும். ஹீட்டரை மூடுங்கள், சிலிண்டரை மூடுங்கள், நட்டைக் கழற்றி ஓரிரு நிமிடம் விடுங்கள். மறுபடி மாட்டி, ஹீட்டர் மூடியிருக்கும்போதே சிலிண்டர் வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். மாட்டியும் அதே நிலைமை என்றால் எங்கோ நிஜமாகவே கசிகிறது என்று எடுத்துக்கொண்டு கேள்வி 17-ஐப் பாருங்கள்.

15. ரெகுலேட்டர் மேல பனி கட்டியிருக்கு. வெந்நீர் ஊத்தலாமா?

வெளியில் வெள்ளையாகப் பூத்திருப்பது ஒன்றுமில்லை. சிலிண்டரின் கீழ்ப்பாதியில் தெரியும் பனிக்கோடும் அப்படியே, திரவம் எதுவரை இருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. தொல்லை தருவது இரண்டு. ரெகுலேட்டரின் சுவாசத் துளை பனியால் மூடுவது ஒன்று. அது மூடினால் அழுத்தம் ஏறுமா இறங்குமா என்று சொல்ல முடியாது. துளை தரையைப் பார்த்து இருக்கும்படி மாட்டுங்கள், மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி போடுங்கள். வெந்நீர் ஊற்றினால் அப்போது உருகும், பத்து நிமிடத்தில் அதே துளையில் கண்ணாடியாக உறையும். கையுறைக்குள் போடும் சூட்டுப் பொட்டலத்தைத் துளையை மறைக்காமல் ரெகுலேட்டர் மேல் வைப்பது மேல்.

இரண்டாவது, உள்ளுக்குள் உறைவது. சிலிண்டரில் ஈரம் இருந்தால், ரெகுலேட்டரின் குறுகிய வழியில் அழுத்தம் இறங்கும் இடத்தில் அந்த ஈரம் பனியாகி அடைக்கும். தீ ஏறி இறங்கி ஆடுவது இதன் அடையாளம். காலியான சிலிண்டரை வால்வு திறந்தபடி போட்டு வைப்பதால்தான் ஈரம் புகுகிறது. கேஸ் நிரப்புகிறவரிடம் சொன்னால் மெத்தனால் சேர்த்துத் தருவார். நீங்களே எதையும் ஊற்றாதீர்கள்.

16. அப்ப சிலிண்டரை உள்ளேயே வெச்சுட்டா? இல்ல கம்பளியாவது சுத்திடலாமா?

உள்ளே கூடாது. சூட்டில் அழுத்தம் ஏறினால் பாதுகாப்பு வால்வு திறந்து கேஸை அங்கேயே கக்கும், பக்கத்தில் ஹீட்டர் தீ. கம்பளி சுற்றினால் எதிர்விளைவு. கேள்வி 3-இல் பார்த்தோம், சிலிண்டருக்கு வேண்டிய சூடு வெளிக்காற்றிலிருந்துதான் வருகிறது. மைனஸ் 10 காற்றுகூட மைனஸ் 25-இல் இருக்கும் திரவத்துக்குச் சூடுதான். கம்பளி அதையும் தடுத்துவிடும். சிலிண்டருக்கென்றே செய்த மின்சாரச் சூட்டு உறை கிடைக்கிறது, ஜெனரேட்டர் இருந்தால் அது சரி. டார்ச் காட்டுவது தற்கொலை.

சிலர் கேஸ் வரட்டும் என்று சிலிண்டரைப் படுக்கப்போடுகிறார்கள். அப்படிப் போட்டால் ஆவிக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும், தீ ஆளுயரம் எழும்பும். எப்போதும் நிமிர்ந்தே நிற்கட்டும்.

17. கேஸ் வாடை லேசா வருது. சோப்புத் தண்ணி தடவினா உடனே உறைஞ்சிடுதே, லீக் எப்படிப் பாக்கிறது?

வாடை குடிலுக்குள் என்றால் எதையும் சோதிக்காதீர்கள். தீ எதையும் தொடாமல், சுவிட்ச் போடாமல், எல்லோரும் வெளியே வந்து சிலிண்டர் வால்வை மூடுங்கள். கதவைத் திறந்தே விடுங்கள். கேஸ் தரையில் தேங்கியிருக்கும், கலைய நேரம் ஆகும்.

சோதனைக்கு, குளிரில் உறையாத கசிவு திரவம் பிளம்பிங் கடைகளில் கிடைக்கிறது, ஒரு பாட்டில் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை விட நல்லது, கிளம்புவதற்கு முன் ஊரிலேயே எல்லா மூட்டுகளையும் சோப்பு நீரால் பார்ப்பது. அமோனியா கலந்த சோப்பு பித்தளையை அரிக்கும், அதைத் தவிருங்கள். ஊரில் கசியாத மூட்டு ஏரியில் கசிந்தால், இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிட்டது என்று அர்த்தம். வெடிப்பு விட்ட ஹோஸுக்கு டேப் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள்.

18. வீல் ஹவுஸ் ஃபர்னஸ்ல ஃபேன் ஜோரா சுத்துது, ஆனா குளிர் காத்துதான் வருது.

ஃபர்னஸ் ஒரு வரிசைப்படி இயங்கும், அதைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். எவ்வளவு சூடு வேண்டும் என்று நாம் வைக்கும் தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் ஃபேன் சுற்றும். பழைய கேஸ் வெளியேற சில வினாடி. ஃபேன் காற்றின் வேகத்தில் ஒரு மெல்லிய தகடு நகர்ந்து "செயில் சுவிட்ச்" மூடும். அதற்குப் பிறகுதான் டக்கென்று வால்வு திறக்கும் சத்தம், டிக்டிக் என்று பொறி, புஸ்ஸென்று தீ. தீ பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலான ஃபர்னஸ்கள் மூன்று முறை முயன்று பூட்டிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டை அணைத்துப் போட்டால் மீண்டும் முயலும்.

பொறிச் சத்தமே வரவில்லையா? செயில் சுவிட்ச் மூடவில்லை, காரணம் பெரும்பாலும் பேட்டரி. ஃபேன் சுற்றுவது போலத்தான் தெரியும், ஆனால் தகட்டைத் தள்ளும் வேகம் இருக்காது. ஃபேன் ஓடும்போதே வோல்ட் மீட்டர் வையுங்கள். 11-க்குக் கீழ் என்றால் லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்துப் பாருங்கள், தீ பிடித்தால் விடை கிடைத்துவிட்டது. பூஜ்யம் ஃபாரன்ஹீட்டில் ஈய அமில பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியைத்தான் தரும், அதனால் மாலையில் முழுசாக இருந்தது விடியற்காலை மூன்று மணிக்குக் கைவிடுகிறது. பேட்டரி சரியாக இருந்தால் செயில் சுவிட்சில் முடியோ தூசியோ இருக்கும்.

பொறி வருகிறது, தீ இல்லை என்றால் கேஸ் பக்கம் போங்கள்: கேள்வி 3, 14, 15 வரிசையாக. ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்ப்பது எளிய சோதனை. ஸ்டவ்வும் மங்கலாக எரிந்தால் ஃபர்னஸ் நிரபராதி.

19. ஃபர்னஸ் பிடிக்குது, ரெண்டு நிமிஷத்துல அணையுது, மறுபடி பிடிக்குது. ராத்திரி பூரா இதே விளையாட்டு.

உள்ளே சூடு அளவு மீறுவதால் சூட்டு வரம்பு சுவிட்ச் தீயை அணைக்கிறது. உள்ளே சூடான காற்று வரும் வாய்களுக்கு முன்னால் பை, பூட்ஸ், தூங்கும் மச்சான் எது இருந்தாலும் நகர்த்துங்கள். திரும்பக் காற்று இழுக்கும் சல்லடையையும் பாருங்கள். வெளியே புகைவாயில் பனி குவிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீல் ஹவுஸைப் பனிக்கட்டி மட்டத்துக்கு இறக்கியிருப்பதால் ஒரே இரவுக் காற்றில் அது புதைந்துவிடும்.

20. காத்து பலமா அடிச்சா சுவர் ஹீட்டரோட பைலட் அணைஞ்சு போகுது.

புகைவாய் காற்றைப் பார்த்து நிற்கிறது. இழுத்து வந்த குடில்தானே, திருப்பி நிறுத்துங்கள். மினசோட்டாவில் குளிர்காலப் பெருங்காற்று அதிகமும் வடமேற்கிலிருந்துதான். திருப்ப முடியாவிட்டால், அந்த ஹீட்டருக்கென்று செய்த காற்றுத் தடுப்பு மூடி வாங்கி மாட்டுங்கள். அட்டையோ தகரமோ வைத்து நீங்களே மறைத்தால் புகை திரும்பி உள்ளே இழுக்கப்படும்.

21. லித்தியம் பேட்டரி குளிர்ல நல்லாயிருக்கும்னு வாங்கினேன். சோலார் போட்டும் சார்ஜ் ஏறவே மாட்டேங்குது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குளிரில் மின்சாரம் தருவதில் ஈயத்தை விட மேல்தான், ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செல்கள் நிரந்தரமாகக் கெடும். உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்தான் தடுக்கிறது. பேட்டரியைக் குடிலுக்குள் சூடான இடத்துக்கு மாற்றுங்கள், அல்லது தானே சூடேற்றிக்கொள்ளும் வகை வாங்குங்கள்.

22. ஒரு பவுண்டு கேனைப் பெரிய சிலிண்டர்ல இருந்து ரீஃபில் பண்ண அடாப்டர் விக்கிறாங்களே, காசு மிச்சம்தானே?

வழக்கமாகக் கடையில் விற்கும் ஒரு பவுண்டு கேன் ஒரு முறைக்கானது. அதை நிரப்பி வண்டியில் கொண்டுபோவது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். கேன் மேலேயே எழுதியிருக்கும். ஒரு முறை திறந்த வால்வு குளிரில் முழுசாக மூடாமல் கசிவதும் சகஜம். மீண்டும் நிரப்பவென்றே செய்த கேன் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

23. நைட்ல பட்டியை மெதுவா வெச்சுட்டுத் தூங்கலாமா சார்? அலாரமும் இருக்கு, ஜன்னலும் திறந்திருக்கு.

பட்டி போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், கையேடும் அதையே சொல்கிறது. தூக்கத்தில் திறப்பு பனியால் மூடுவதும் போர்வை ஹீட்டர் மேல் சரிவதும் தெரியாது. கூடாரம் என்றால் குளிருக்கேற்ற ஸ்லீப்பிங் பேக். இரவு தங்குவது வழக்கம் என்றால், புகையை வெளியே தள்ளும் ஹீட்டர் உள்ள குடிலை வாடகைக்கு எடுங்கள்.

24. அடிக்கடி அணையுதுன்னு ஒருத்தர் அந்த கவிழ்ற சுவிட்சையும் சென்சாரையும் பைபாஸ் பண்ணிக் காட்டுறார் வீடியோல. நம்மளும் பண்ணலாமா அண்ணா?

அந்த வீடியோவில் ஹீட்டர் அணையாமல் எரிகிறது, உண்மை. ஏன் அணைந்தது என்பதை அவர் கடைசி வரை பார்க்கவே இல்லை. கேள்வி 3, 6, 12, 13 நான்கையும் வரிசையாகப் பார்த்தால் காரணம் அநேகமாக அகப்பட்டுவிடும். அகப்படவில்லை என்றால் பைலட், ஓ.டி.எஸ், தெர்மோகப்பிள் மூன்றும் சேர்ந்த ஒரே உதிரிபாகமாகக் கிடைக்கிறது. ஹீட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் அதற்கென்று உள்ளதையே வாங்குங்கள். மாற்றியபின் மூட்டுகளில் கசிவு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் அரை மணி நேரம் எரியவிட்டு, அப்புறம் ஏரிக்கு எடுத்துப் போங்கள்.